சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி மாத்தப் போறீங்களா? எங்க வீட்ல நடந்தத படிச்சிட்டு மாத்துங்க

கொஞ்சம் பெருசா இருக்கும், பொறுமையா படிங்க. எங்க அம்மாவுக்கு கால்ல ஏழு தையல் போட்டு நாலு மாசம் ஆச்சு, இன்னும் மாடிப்படி ஏறணும்னா கம்பிய புடிச்சிட்டுதான் ஏறாங்க. எல்லாத்துக்கும் காரணம் வாசல்ல செப்டிக் டேங்க் மேல போட்ட ரெண்டடிக்கு ரெண்டடி மூடி ஒண்ணு.

எங்க வீடு சென்னைல ஈ.சி.ஆர். பக்கம், கடலுக்கு நடந்தே போயிடலாம். போன வருஷம் வாசல் தரைய உடைச்சி புது டைல்ஸ் போட்டோம். கார் நிக்கற இடத்துக்கு ஓரமா தண்ணி சம்ப், கேட்ட தாண்டி உள்ள வந்ததும் செப்டிக் டேங்க். ரெண்டுக்கும் பழைய வார்ப்பிரும்பு மூடிதான் இருந்துச்சு, அப்பா வீடு கட்டினப்போ போட்டது, 25 வருஷத்துக்கு மேல கார், ஆட்டோ எல்லாம் ஏறி இறங்கியும் ஒரு கீறல் கிடையாது. கான்ட்ராக்டர் தம்பி வந்து பார்த்துட்டு, "இதெல்லாம் பழைய மாடல்க்கா, தூக்கவே ரெண்டு ஆள் வேணும், திருட்டும் போகும், சம்ப்புக்கு எஸ்.எஸ். 304ல டைல்ஸ் உள்ள பதிக்கற மாதிரி மூடி போட்டுடலாம், செப்டிக்குக்கு எஃப்.ஆர்.பி. போட்டா அம்மாவே ஒரு கைல தூக்கிடுவாங்க"ன்னு சொன்னாரு. (எஸ்.எஸ்.னா எவர்சில்வர், 304ங்கறது அதுல ஒரு ரகம். எஃப்.ஆர்.பி.னா கண்ணாடி நார் சேர்த்த பிளாஸ்டிக்.) திருட்டுப் போகும்ங்கறது நிஜம்தான், வார்ப்பிரும்புக்கு காயலான் கடைல நல்ல காசு, எங்க தெருவுலயே ரெண்டு மூடி காணாம போயிருக்கு. நாங்களும் சரின்னுட்டோம். பழசு ரெண்டையும் அவரே வண்டில ஏத்திட்டு போயிட்டாரு. ரெண்டு மூடிக்கும் சேர்த்து 14,000 ரூபா வாங்கினாரு, பில்லுல இருந்தது "மேன்ஹோல் கவர் - 2"ன்னு ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரி எங்கள எப்படி மாட்டி விட்டுச்சுன்னு அப்புறம் சொல்றேன்.

முதல்ல சம்ப் கதை. மூடி வந்த அன்னிக்கு அவரு பாக்கெட்லேர்ந்து ஒரு காந்தத்த எடுத்து ஒட்டிக் காட்டினாரு, ஒட்டல, "பாத்தீங்களா, ஒரிஜினல் 304"ன்னாரு. அப்பாவும் தலையாட்டினாரு, நானும் நம்பினேன். தயவுசெஞ்சு இத நம்பாதீங்க. 202ன்னு ஒரு மலிவான எஸ்.எஸ். இருக்கு, அதுலயும் காந்தம் ஒட்டாது. 304ல சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும், 202ல விலை ஜாஸ்தியான நிக்கல குறைச்சிட்டு மாங்கனீஸ சேர்த்திருப்பாங்க. பார்வைக்கு ரெண்டும் ஒரே பளபளப்பு. சமையல்கட்டுல காய்ஞ்ச இடத்துல இருந்தா 202 வருஷக்கணக்குல தாங்கும், கடல் காத்துல தாங்காது. சம்ப் மூடிக்கு அடில இன்னும் மோசம், ராத்திரியெல்லாம் ஈர ஆவி அடில முத்து முத்தா நிக்கும், லாரித் தண்ணில குளோரின் இருக்கும், போதாததுக்கு நாமளும் சம்ப் கழுவும்போது பிளீச்சிங் பவுடர் போடுவோம், அந்த ஆவி வெளிய போக வழியில்லாம மூடியோட அடிப்பக்கத்துல உக்காந்து அரிக்கும்.

எட்டாவது மாசம் வெள்ளைத் துணியெல்லாம் செம்பழுப்பா கறை படிய ஆரம்பிச்சுது. போர் தண்ணி கலந்திருக்கும்னு நெனச்சோம், பிளம்பர் வந்து பார்த்தாரு, அப்படி எதுவும் இல்லன்னாரு. மூடிய தூக்கச் சொன்னேன், அதுக்கே அவரும் பக்கத்து வீட்டு அண்ணனும் சேர்ந்து திணறிட்டாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, ரெண்டடிக்கு ரெண்டடி தட்டுல ரெண்டு இஞ்ச் கலவையும் டைல்ஸும் சேர்ந்தா அதுவே 40 கிலோவுக்கு மேல, பழைய இரும்பு மூடிய தூக்க ரெண்டு ஆள் வேணும்னு சொன்னவரு இதப் பத்தி வாயே தொறக்கல. தூக்கிப் பார்த்தா அடிப்பக்கம் முழுக்க துரு. அதவிட வயிறு எரிஞ்சது ஃபிரேம பார்த்தப்போ. மேல தெரியற தட்டு மட்டும்தான் எஸ்.எஸ்., சிமெண்ட்ல புதைச்சிருந்த ஃபிரேம் சாதா இரும்பு (எம்.எஸ்.) ஆங்கிள், அதுக்கு மேல சில்வர் பெயிண்ட். ரெண்டு வேற வேற உலோகம் உப்பு ஈரத்துல ஒட்டிக்கிட்டு இருந்தா சாதா இரும்பு இன்னும் வேகமா அரிச்சிடும், செதில் செதிலா உரிஞ்சி நாங்க குடிக்கற தண்ணிலதான் விழுந்துட்டு இருந்திருக்கு. ஃபிரேம் அரிச்ச எடத்துல விரல் நுழையற சந்து வேற. டெங்கு கொசு இந்த மாதிரி நல்ல தண்ணிலதான் முட்டை போடும், கார்ப்பரேஷன் ஆளுங்க வந்து பார்த்திருந்தா அபராதமும் எங்களுக்குத்தான்.

சென்னை பாரிமுனை பக்கம் ஒரு ஸ்டீல் கடைல, தட்டு மேல ஒரு சொட்டு திரவம் விட்டு 9 வோல்ட் பேட்டரிய தொட்டுப் பார்ப்பாங்க, மாங்கனீஸ் ஜாஸ்தி இருந்தா சொட்டு செவப்பாயிடும். எங்க மூடில உடனே செவந்துடுச்சு. இந்த டெஸ்ட்ட வாங்கற அன்னிக்கே, ஃபிரேமுக்கும் சேர்த்து, உங்க கண்ணு முன்னாடி பண்ணச் சொல்லுங்க, பண்ண மாட்டேன்னா வேற கடைக்கு போயிடுங்க.

இப்ப செப்டிக் மூடி. எஃப்.ஆர்.பி. கெட்ட பொருள்னு நான் சொல்ல வரல. செப்டிக் டேங்க்ல வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஈரத்தோட சேர்ந்து பாக்டீரியாவால அமிலமா மாறி இரும்பையும் சிமெண்ட்டையும் திங்கும், எஃப்.ஆர்.பி.ய அது ஒண்ணும் பண்ணாது, திருடனுக்கும் பிரயோஜனம் இல்ல. ஆனா அது எவ்வளவு வெயிட் தாங்கற ரகம்ங்கறதுலதான் நாங்க ஏமாந்தோம். "ஒன்றரை டன் தாங்கும்க்கா, உங்க கார் ஒரு டன்தான, அதுவும் நாலு சக்கரத்துல பிரிஞ்சிடும்"னாரு. கேக்கறதுக்கு ஞாயமா இருந்துச்சு. அப்புறம்தான் தேடிப் படிச்சேன், ஈ.என். 124ன்னு ஐரோப்பிய தரம் இருக்கு, அதுல ஒன்றரை டன்ங்கறது ஏ15, ஆளுங்க நடக்கற, சைக்கிள் போற இடத்துக்கு மட்டும்தான். கார் நிக்கற இடத்துக்கு பி125, அதாவது சுமார் பன்னிரண்டரை டன். சக்கரம் திரும்பும்போதும், வாசப்படி சரிவுலேர்ந்து தொப்புன்னு இறங்கும்போதும், மூடியோட ஒரு மூலைல மட்டும் ஏறும்போதும் விழற அடிக்கெல்லாம் சேர்த்துத்தான் அவ்வளவு வச்சிருக்காங்க. நம்ம ஊர் ஐ.எஸ். 12592 சிமெண்ட் மூடிக்கும் இதே மாதிரி 2.5, 10, 20, 35 டன்னு நாலு ரகம் இருக்கு, அதுல கார் நிக்கற இடத்துக்கு 10 டன் ரகம். தரமான மூடில அந்த ரகம் மேலயே பதிச்சிருக்கும். எங்க மூடில எந்த எழுத்தும் இல்ல, அப்ப அது ஏ15ங்கறதுக்குக் கூட ஆதாரம் கிடையாது.

மேஸ்திரி ஃபிரேமுக்கு அடில ஒரு மூலைல கலவையே வைக்காம விட்டிருக்காரு, மேல நடந்தா டக் டக்குனு ஆடும். அம்மா கான்ட்ராக்டருக்கு ரெண்டு தடவ போன் போட்டு சொன்னாங்க, "தம்பி, மூடி ஆடுதுப்பா, வந்து பாரு"ன்னு. வரேன்மா வரேன்மான்னு சொல்லிட்டு வரவே இல்ல. ஒரு நாள் சாயங்காலம் ஆட்டோ ஒண்ணு உள்ள வந்து திரும்பிப் போச்சு, மூடில முடி மாதிரி மெல்லிசா விரிசல் விட்டிருக்கணும், யாரும் கவனிக்கல. மறுநாள் காலைல அஞ்சரைக்கு அம்மா வாசல் தெளிச்சு கோலம் போட குனிஞ்சாங்க, பாதி மூடி அப்படியே உள்ள போயிடுச்சு, வலது கால் தொடை வரைக்கும். கேட் கம்பிய புடிச்சதால தப்பிச்சாங்க. உடைஞ்ச விளிம்புல இருந்த கண்ணாடி நார் காலக் கிழிச்சிடுச்சு. நான் வெளிய ஓடி வந்தப்போ கோலப்பொடி டப்பா அந்தப் பக்கம் உருண்டு கிடக்கு, அம்மா சத்தம் கூட போடாம கம்பிய புடிச்சிட்டு நிக்கறாங்க. இத எழுதும்போது கூட கை நடுங்குது. உடைஞ்ச துண்ட பார்த்தா மேலயும் கீழயும் மெல்லிசா ரெண்டு அடுக்கு நார், நடுவுல கையால நசுக்கினா உதிர்ற பொடி.

அதுக்கப்புறம் கான்ட்ராக்டர் சொன்னதுதான் என்னால மறக்கவே முடியல. "பையன் ஒருத்தன அனுப்பறேன்க்கா, உள்ள இறங்கி துண்ட எடுத்துடுவான்"னாரு. செப்டிக் டேங்க்ல பாதுகாப்புக் கருவி இல்லாம ஆள இறக்கி சுத்தம் பண்ண வைக்கறது 2013 சட்டப்படி குற்றம், இறங்கினவங்க விஷவாயுல உயிரோட திரும்பாத சேதிய நாம எத்தன தடவ படிச்சிருக்கோம். முடியவே முடியாதுன்னுட்டேன், மெஷின் வண்டிய வரவழைச்சுதான் சுத்தம் பண்ணினோம்.

இப்ப செப்டிக் மேல ஸ்டீல் நார் போட்ட சிமெண்ட் மூடி, 10 டன் ரகம், எழுத்து பதிச்சது. வருஷத்துக்கு ஒரு தடவ கூட திறக்காத இடம், வெயிட்டா இருக்கறதே நல்லது, குழந்தைங்களால தூக்க முடியாது. அடிப்பக்கத்துக்கு எபாக்ஸி பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சிருக்கோம். சம்ப்ப வாரம் ஒரு தடவ திறந்து பார்க்கணும், அதனால வாய சுத்தி அரையடி கட்டை எழுப்பி கார் ஏறவே முடியாதபடி பண்ணிட்டு, தட்டும் ஃபிரேமும் ரெண்டுமே 316ல, ரப்பர் கேஸ்கெட், பூட்டோட, டைல்ஸ் இல்லாம லேசா செஞ்சு வாங்கினோம். 316ல மாலிப்டினம் சேர்த்திருக்கறதால உப்புக் காத்துக்கு 304ஐ விட நல்லா தாங்கும், விலையும் அதுக்கேத்த மாதிரிதான். கடலுக்கு தள்ளி இருக்கறவங்களுக்கு நெஜமான 304 போதும்.

கான்ட்ராக்டர்கிட்ட குடுத்த பணத்த கேட்டப்போ, "பில்லுல 304ன்னு எங்கக்கா இருக்கு?"ன்னு திருப்பிக் கேட்டாரு. அவர் 304ன்னு அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ்தான் எங்களுக்கு மிச்சம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சோம், அதுக்கப்புறம் 6,000 ரூபா அனுப்பினாரு, ஆஸ்பத்திரி செலவுக்கு இன்னும் பதில் இல்ல. அடுத்து நுகர்வோர் ஆணையத்துல போடப் போறோம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. நீங்க வாங்கும்போது பில்லுல உலோகத்தோட நம்பர், ஃபிரேம் எதுல செஞ்சது, எத்தன டன் ரகம், மூணையும் எழுதி வாங்குங்க, எழுதித் தர மாட்டேன்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க.

அவர் போட்ட அந்த ரெண்டு மூடியையும் கேஸுக்காக மாடில வச்சிருக்கோம். அடிப்பக்க துரு எப்படி இருக்கும், உடைஞ்ச எஃப்.ஆர்.பி. உள்ள எப்படி இருக்கும்னு யாருக்காவது பார்க்கணும்னா கேளுங்க, போட்டோ அனுப்பறேன்.