வின்செஸ்டர் 94: பழைய லீவர் துப்பாக்கியும் கையால் நிரப்பும் தோட்டாவும்

ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94 வேட்டைத் துப்பாக்கியின் லீவரைக் கீழே தள்ளி மீண்டும் இழுக்கும்போது, பல ஆண்டுகள் தேய்ந்து வழுவழுப்பான இரும்பு எழுப்பும் ஒலிக்காகவே இதை விற்க எனக்கு மனம் வரவில்லை. இதற்கான .30-30 என்ற வகைத் தோட்டாக்களை, காலிக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து நானே நிரப்புகிறேன். துப்பாக்கியின் குழாய் வடிவ மேகசினில் (தோட்டாக்கள் இருக்கும் அறையில்) அவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனைக் குண்டு முன்னிருக்கும் தோட்டாவின் அடியிலுள்ள, அடிபட்டால் தீப்பற்றும் பிரைமரைக் குத்தி வெடிக்கச் செய்யக்கூடும். ஆகவே தட்டைமுனைக் குண்டுகளையே தேர்ந்தெடுக்கிறேன். பித்தளைக் கூட்டின் வாயைச் சரியாக இறுக்காமல் விட்ட ஒருமுறை, மேகசினில் உள்ள ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிட்டது, தவறு என்னுடையதே. காலிக் கூடு மேற்புறமாகத் தெறிப்பதால் இப்பழைய மாடலில் தொலைநோக்கி பொருத்துவது தொல்லைதான் என்றாலும், 100 கெஜத்துக்குள் துப்பாக்கியிலேயே உள்ள குறிமுனை எனக்குப் போதுமானது.