காரீய அயோடைடா, மாங்கனீசு புரோமைடா? வட்ட முனைவாக்க ஒளிக்கு எது ஏற்றது

திரவ நைட்ரஜன் கையில் இருக்கிறதா, அறை வெப்பத்திலேயே அளக்க வேண்டுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் முதுநிலைத் திட்டப்பணிக்குக் வட்ட முனைவாக்க ஒளி (மின்புலம் இடமாகவோ வலமாகவோ சுழன்று செல்லும் ஒளி) தரும் கைரல் ஹாலைடு (இடது, வலது கைபோலத் தன் பிம்பத்தோடு பொருந்தாத அமீன் சேர்ந்த உலோக அயோடைடு, புரோமைடு படிகம்) தேடுபவர்கள் இதை முதலில் முடிவு செய்யட்டும்.

காரீய அயோடைடை வளர்ப்பது எளிது. காரீய ஆக்சைடு 223 மி.கி., ஆர் அல்லது எஸ் (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள்) மெத்தில்பென்சைல் அமீன் 242 மி.கி., 57% ஹைட்ரோ அயோடிக் அமிலம் சுமார் 6 மி.லி. அமிலத்தைப் பனிக்கட்டியில் வைத்து அமீனைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்; மொத்தமாக ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். 90–100 டிகிரியில் கரைசல் தெளிந்ததும் மணிக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம் ஆறவிட்டால் ஆரஞ்சு ஊசிகள் இறங்கும். கரைசல் பழுப்பேறினால் அயோடின் பிரிந்துவிட்டது. கொஞ்சம் ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் போதும். உறிஞ்சலில் இடது, வலது வட்ட ஒளிக்கிடையே வேறுபாடு நன்றாகத் தெரியும். உமிழ்வில்தான் சிக்கல்: 77 கெல்வினில் (திரவ நைட்ரஜன் வெப்பநிலை) தெரியும் முனைவாக்கம், படிகக் கட்டமைப்பின் அதிர்வுகளால் அறை வெப்பத்தில் மங்கிவிடும். கழிவைத் தனிக் குப்பியில் சேர்த்து வையுங்கள். நிலத்தடி நீரில் ஏற்கெனவே ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்கள் இவை. காரீயமும் சேரக் கூடாது.

மாங்கனீசு புரோமைடு அறை வெப்பத்திலேயே பளிச்சென ஒளிரும். நீரற்ற மாங்கனீசு புரோமைடு 215 மி.கி.க்கு, கைரல் அமீனின் புரோமைடு உப்பு இரண்டு மில்லிமோல். எத்தனாலில் கரைத்து மெல்ல ஆவியாக விடலாம். அமீன் அயனி பருமனாக இருந்தால் நான்முகி (மாங்கனீசைச் சுற்றி நான்கு புரோமைடு) அமைந்து 365 நானோமீட்டர் விளக்கில் பச்சை தெரியும். சிவப்பு தெரிந்தால் எண்முகி (சுற்றி ஆறு புரோமைடு) அமைந்திருக்கிறது. இங்கே மின் இருமுனைப் பெயர்வு (ஒளியின் மின்புலத்தோடு இணைந்த எலக்ட்ரான் தாவல்) பலவீனமானது. அதனால் காந்த இருமுனையின் பங்குக்கு மதிப்பு கூடுகிறது. ஆனாலும் ஜி மதிப்பு (இட, வல வட்ட ஒளி எவ்வளவு வேறுபடுகிறது என்ற அளவு) பெரும்பாலும் ஆயிரத்தில் சில பங்குதான். பெரிய எதிரி ஈரம். ஐப்பசி மழையில் மூடாத குப்பியில் வைத்து பெங்களூருக்கு அளக்கக் கொண்டுபோனால் ஒளி மங்கியே போய்ச் சேரும். சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடுங்கள்.

அறை வெப்ப உமிழ்வுக்கு மாங்கனீசையே தேர்ந்தெடுப்போம். உறிஞ்சல் ஆய்வு மட்டும் போதுமென்றால் காரீயம்.

எதுவானாலும் மெல்லிய படலத்தில் நேர்கோட்டு முனைவாக்கம் பொய்க் குறிகை தரும். படலத்தைச் சுழற்றியும் திருப்பியும் அளந்து பாருங்கள். ஆர், எஸ் வளைவுகள் கண்ணாடிப் பிம்பமாக அமைய வேண்டும். இரண்டும் சமமாகக் கலந்த மாதிரியில் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் அந்த ஜி மதிப்பை அறிக்கையில் எழுதாதீர்கள்.