வேலூரில் ‘எரர் காயின்’ வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

குடியாத்தத்துக்காரர் ஒருவர், வேலூரில் லாட்ஜ் அறையில் கடை விரித்திருந்த ஒரு ஆளிடம் ஐந்து ‘எரர் காயின்’களை (அச்சாலையில் அடிக்கும்போதே பிழை விழுந்த நாணயங்கள்) 6,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். பில் கிடையாது; லேமினேஷன் போட்ட ஒரு ‘சான்றிதழ்’ மட்டும். சரிபார்க்க எங்களிடம் கொண்டுவந்தார். நான்கு கைவேலை, அதாவது பிழைபோல் தெரிய யாரோ செய்தவை. ஐந்தாவது நிஜம்தான், ஆனால் அதில் பிழையே இல்லை. விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. இதே மாதிரிச் சரக்கு காட்பாடி, ராணிப்பேட்டை வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றுவதால் விவரமாகவே எழுதுகிறோம்.

அதிகம் பேரை ஏமாற்றுவது பத்து ரூபாய். அவர் வாங்கியதில் வளையத்தில் உள்ள ‘பாரத்’, ‘இந்தியா’ எழுத்துகள் ஒழுங்காக நிற்க, நடுவில் சிங்கம் மட்டும் கால்வாசி சாய்ந்திருந்தது. ‘ரொட்டேட்டட் டை’ (உருவம் பதிக்கும் டை, அதாவது அச்சு, திரும்பிவிட்டது) என்று சொல்லி இதற்கு மட்டும் 2,500 வாங்கியிருக்கிறார்கள். அப்படி ஒரு பிழை வரவே வழியில்லை. வளையமும் நடுவட்டும் வெறும் தகடாகச் சேர்ந்து அச்சுக்குள் போகின்றன. ஒரே அடியில்தான் இரண்டின் மேலும் உருவம் விழுகிறது. டை திரும்பியிருந்தால் அந்தப் பக்கம் முழுக்க, வளையத்தோடு சேர்ந்துதான் திரும்பும். நடு மட்டும் திரும்பியிருந்தால் யாரோ தட்டி எடுத்துத் திருப்பிச் செருகியிருக்கிறார்கள். தராசு இங்கே உதவாது: 2011க்குப் பிந்தைய பத்து ரூபாய்க்குரிய 7.71 கிராம் அப்படியே காட்டும். பத்து மடங்கு லூப்பில் (சின்னப் பூதக்கண்ணாடி) இணைப்பைப் பாருங்கள். நல்ல நாணயத்தில் இரண்டு உலோகமும் அழுந்திக் கவ்வியிருக்கும். இதில் மயிரிழை அளவுக்குக் கறுப்பு இடைவெளி, வளையத்தின் உள்விளிம்பில் உளி பட்ட பளபளப்பு, கட்டைவிரலால் அழுத்தினால் லேசான ஆட்டம்.

உண்மையான ரொட்டேட்டட் டையைப் பார்ப்பது சுலபம். நம் குடியரசு நாணயத்தைச் சிங்கம் நேராக இருக்கும்படி பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். பத்துப் பதினைந்து டிகிரி சாய்வுக்கெல்லாம் சேகரிப்பவர்கள் காசு கொடுப்பதில்லை.

அடுத்தது ஓரம் வெட்டுப்பட்ட பழைய கனமான ஐந்து ரூபாய். ஒன்பது கிராம் இருக்க வேண்டியது குறைவாக இருந்தது. நிஜமான ‘கிளிப்’பிலும் (தகடாக இருக்கும்போதே ஓரம் வெட்டுப்பட்டது) எடை குறையத்தான் செய்யும் என்பதால் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது வெட்டுக்கு நேர் எதிர்ப்புறம். தகட்டுக்கு விளிம்பு ஏற்றும்போது வெட்டுப்பட்ட இடத்தில் அழுத்தம் கிடைக்காது, அதனால் எதிர்ப்புற விளிம்பும் மழுங்கியே வரும். எல்லாக் கிளிப்பிலும் இது இருக்கும் என்று சொல்ல முடியாது, இருந்தால் நல்ல சாட்சி. வெட்டை ஒட்டிய எழுத்துகளும் உலோகம் இழுபட்டதுபோல் மெலிந்து முடியும். இவர் வாங்கியதில் எழுத்து கத்தியால் நறுக்கியதுபோல் நின்றது, விளிம்பில் அரக்கோடு (அரத்தால் ராவிய தடம்) வரிவரியாகத் தெரிந்தது, எதிர்ப்புற விளிம்பு கம்பீரமாக இருந்தது.

மூன்றாவது ‘லக்கி காயின்’. ஏற்கெனவே அடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த தகட்டில் அதன் உருவம் இடவல மாற்றமாகக் குழிந்து பதிவது அது. கைவேலைக்காரர்கள் இரண்டு நாணயத்தை பெஞ்ச் வைஸில் வைத்து நசுக்குகிறார்கள். குழிந்த உருவத்துக்கு அடியில் பழைய இலக்கத்தின் மிச்சம் எட்டிப்பார்க்கும். மறுபக்கத்தில் மேடான இடங்கள் தட்டையாகியிருக்கும். இரண்டும் இதில் இருந்தன.

நான்காவது இருபுறமும் சிங்கம் கொண்ட ஒரு ரூபாய், மேஜிக் வித்தைக்காரர்களின் சாமான். ஒன்றைக் கடைந்து குடைந்து, இன்னொன்றை மெலிதாக்கி உள்ளே பொருத்துவார்கள். விளிம்பின் உட்புறம் நகத்தால் வருடினால் இணைப்பு தட்டும். கல்லில் போட்டால் ‘டொக்’ என்று விழும்.

ஐந்தாவதுதான் கொஞ்சம் வருத்தமானது. ‘அச்சாலைக் குறி மாறிய அபூர்வப் பிழை’ என்று விற்றது, மாஸ்கோவில் அடித்த சாதாரண ஐந்து ரூபாய். 1990களின் இறுதியில் வெளிநாட்டு அச்சாலைகளிலும் நம் நாணயங்கள் அடிக்கப்பட்டன. குறி வேறாக இருப்பது வகை, பிழை அல்ல. ஆண்டுக்குக் கீழே வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா. ‘குறி விடுபட்ட நாணயம்’ என்று கொல்கத்தாக் காசை விற்பவர்களும் இருக்கிறார்கள். நம் வட்டாரத்தில் இதற்கு ஒரு பழைய அண்ணனும் உண்டு: ஆற்காடு ரூபாய். 1172 என்ற ஹிஜ்ரி ஆண்டைக் காட்டி ‘ஆற்காட்டிலேயே அடித்த மொகலாயக் காசு’ என்பார்கள். கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) அந்த ஆண்டை மாற்றாமலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சென்னையில் அடித்துத் தள்ளினார்கள்.

எழுத்து இரட்டையாகத் தெரிகிறது என்றால் பெரும்பாலும் டை அதிர்ந்ததால் வந்த, படிக்கட்டு போன்ற தட்டையான தடம்; விலை கிடையாது. டை விரிசல் என்றால் கோடு மேடாக இருக்கும், ஏனென்றால் விரிசலுக்குள் உலோகம் புகுகிறது. பள்ளமான கோடு வெறும் கீறல்.

வாங்கும் முன் இருபக்கமும் விளிம்பும் தெரியும் படம், 0.01 கிராம் தராசில் வைத்த எடைப்படம், பெயர் போட்ட பில் மூன்றையும் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பதிவுக் கட்டணமோ கமிஷனோ கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பழைய நாணய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. யுபிஐ-யில் பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 1930க்கு அழைத்து, பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள். நாணயத்தைத் தேய்த்துக் கழுவாமல் அப்படியே வைத்திருங்கள். புகாருக்கு அந்த அரக்கோடுதான் ஆதாரம்.