எல் கமீனோவா, ராஞ்செரோவா? எஞ்சின் மாற்றிய 1970–71 வண்டி வாங்கும்முன்

இரண்டுமே முன்னால் கார், பின்னால் சுமைத் தொட்டி என்ற அமைப்பிலுள்ள அமெரிக்க வண்டிகள். எல் கமீனோ செவ்ரோலேயுடையது, ராஞ்செரோ ஃபோர்டுடையது.

சேஸி: எல் கமீனோவுக்குத் தனி. ராஞ்செரோவுக்கு பாடியோடு ஒன்றாகவே வரும். ராஞ்செரோவின் முன் ஸ்பிரிங் ஷாக் டவரில் (எஞ்சினின் இருபக்கமும் உள்ள தகட்டுக் கூடு) உட்காரும். கனமான 429 கியூபிக் இன்ச் எஞ்சின் ஏற்றியிருந்தால் டவரின் வெல்டிங் ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம்.

பாகங்கள்: எல் கமீனோவுக்கு செவ்ரோலேயின் செவெல் காருடைய முன்பக்கத் தகடுகள் பொருந்தும், புதிதாகவே கிடைக்கும். ராஞ்செரோவுக்குப் பழைய வண்டிகளில்தான் தேட வேண்டும்.

பின் சஸ்பென்ஷன்: எல் கமீனோவில் காயில் (சுருள்) ஸ்பிரிங், ராஞ்செரோவில் லீஃப் (பட்டை) ஸ்பிரிங்.

அடையாளம்: ராஞ்செரோவின் வண்டி எண்ணில் 5-வது எழுத்து அசல் எஞ்சினைச் சொல்லிவிடும். எல் கமீனோ எண்ணில் அது எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட் என்ற விலை கூடிய ரகம்) தானா என்பது தெரியாது. பில்ட் ஷீட் (தொழிற்சாலையின் தயாரிப்புத் தாள்) இல்லாமல் எஸ்எஸ் விலை கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

எல் கமீனோவில் எல்எஸ் எஞ்சின் (ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால ஃபியூயல் இன்ஜெக்ஷன் வி8) இருந்தால் முதலில் பெட்ரோல் லைனைப் பாருங்கள். கார்புரேட்டருக்கு 5–7 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் போதும். இதற்கு 58 வேண்டும். பழைய டேங்கை வைத்து வெளியே பம்ப் மாட்டியிருந்தால், பெட்ரோல் குறைந்த நேரத்தில் வளைவில் எஞ்சின் திணறும். அடுத்து, பின்கண்ணாடிக்குக் கீழே தகட்டின் மேல் துணி சுற்றிய காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, பூசி மறைத்த பட்டி (புட்டி).

தினசரி ஓட்டவும் மேலும் மாற்றவும் எல் கமீனோ. அடிக்கடி சுமை ஏற்றுவோருக்கு, டவர் நன்றாக இருந்தால், ராஞ்செரோ.