லேப்டாப் சர்வீஸுக்குக் கொடுத்தவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

போன மாதம் என் லேப்டாப்பை சர்வீஸ் கடைப் பையன் ஒருவன் என் கண் முன்னாலேயே திறந்தான். பின் நம்பர் கேட்கவில்லை. பவர் பட்டன் மேல் வலது ஆள்காட்டி விரலை வைத்து ஒரு அழுத்து. இரண்டாவது நிமிடம் என் மகளின் படம் போட்ட டெஸ்க்டாப் வந்து நின்றது. அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை, அவ்வளவு பழக்கம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் யூனிட்டுகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறேன். பவர் டேபிள் வைத்திருப்பவர், காஜா பட்டன் ஜாப் ஒர்க் எடுப்பவர் என்று மொத்தம் பதினோரு பார்ட்டி. அவர்களுடைய பான், ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், போர்ட்டல் பாஸ்வேர்டு எல்லாம் இந்த ஒரே மெஷினில்தான். மூன்று மாதத்துக்கு முன் திரையைத் தாங்கும் கீல், அதாவது இடது ஹின்ஜ் விட்டுப்போய், திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு டைப் அடிக்க வேண்டியதாயிற்று. 11ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 முடிந்தது, 20க்குள் வரி கட்டும் ரிட்டர்னான 3பி போட்டாக வேண்டும். நடுவில் கிடைத்த நாட்களில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன்.

“பின் நம்பரை இதுல எழுதிக் கொடுத்துருங்கக்கா, டெஸ்ட் பண்ணோணும்” என்று ஜாப் கார்டை நீட்டினார் கடைக்காரர். எழுதிக் கொடுத்தேன். ஹின்ஜ் மாற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், என் பின் நம்பர் எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. டாக்டர் சட்டையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிற மாதிரிதான்.

மூன்று நாள் கழித்து 2,800 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். வந்ததும் முதல் வேலையாகப் பின் நம்பரை மாற்றினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

அங்கேதான் ஏமாந்தேன். விண்டோஸில் ரேகை பதிவு செய்யப் பின் நம்பர் வேண்டும். ஆனால் ஒருமுறை பதிந்துவிட்டால், அப்புறம் பின் நம்பரை மாற்றினாலும் அந்த ரேகை அப்படியே இருக்கும். வேலை நடந்த மூன்று நாளில் ஒவ்வொரு முறையும் நம்பர் அடிக்கச் சோம்பல்பட்டு, பையன் தன் விரலைச் சேர்த்திருக்கிறான். இரண்டு மாதமாக என் மெஷினில் அவன் விரலும் குடியிருந்திருக்கிறது. ஹின்ஜ் மறுபடி ஆடி, போன மாதம் அதே கடைக்கு எடுத்துப் போனதால்தான் தெரிந்தது. அந்த ஹின்ஜுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்பீர்கள். பார்த்தாலும் தெரியாது. போனில் ‘விரல் 1’, ‘விரல் 2’ என்று வரிசையாகக் காட்டும், வேண்டாததை மட்டும் எடுக்கலாம். விண்டோஸில் ஒரு கணக்குக்குப் பத்து ரேகை வரை பதியலாம். ஆனால் செட்டிங்ஸில் இருப்பது ‘இன்னொரு விரலைச் சேர்’, ‘நீக்கு’ என்ற இரண்டே பட்டன். எத்தனை விரல் இருக்கிறது, எப்போது சேர்த்தது என்று ஒரு வரி கிடையாது.

கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை இன்னும் மறக்க முடியவில்லை. “உங்க ரேகையை நாங்க எடுக்கலீங்களே அக்கா, எங்க ரேகையைத்தானே வெச்சோம். இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?” பையன் தலையைச் சொறிந்துகொண்டு, “கழட்ட மறந்துட்டேங்கக்கா” என்றான். அவன் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் வேறு எத்தனை மெஷினில் மறந்திருக்கிறான் என்று கேட்டதற்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

என்ன நஷ்டம் என்று அன்றைக்கு ராத்திரி வீட்டில் சோதித்துப் பார்த்தேன். எல்லா ரேகையையும் நீக்கிவிட்டு, என்னுடையதையும் மகளுடைய விரலையும் சேர்த்தேன். பின் நம்பரை மாற்றினேன். மகள் விரல் வைத்தாள், திறந்தது. குரோமில் சேமித்த பாஸ்வேர்டு பக்கத்துக்குப் போய் ஒன்றைத் தொட்டேன். நீங்கள்தானா என்று உறுதிசெய்யச் சொன்னது. அவள் விரலை வைத்தாள். புள்ளி புள்ளியாக இருந்த என் பாஸ்வேர்டு எழுத்து எழுத்தாகத் திரையில் வந்தது. “அம்மா, இது உன் பிறந்த நாளா?” என்றாள். ஆமாம், அதையும் மாற்றிவிட்டேன். பாஸ்வேர்டுக்குப் பதிலாக மெஷினில் வைத்திருக்கும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீயும் இப்படித்தான். எந்த விரல் என்று அது பார்ப்பதில்லை, பதிந்த விரலா என்றுதான் பார்க்கும். பதிந்த விரல் வாசல் சாவி மட்டுமல்ல, என் கையெழுத்தும் கூட.

இதில் வேடிக்கை, ரேகை வைக்க ஆரம்பத்தில் நான் பயந்தது வேறு எதற்கோ. பத்திரப் பதிவு ஆவணத்திலிருந்து ரேகையை எடுத்து, சிலிக்கானில் அச்சு வார்த்து, ஆதார் வழியாகப் பணம் எடுத்த வழக்குகளைப் படித்திருந்தேன். லேப்டாப்பில் வைத்தால் நம் ரேகை கம்பெனிக்காரன் கைக்குப் போய்விடுமோ என்று ஒரு மாதம் யோசித்தேன். விண்டோஸ் விஷயத்தில் அந்தப் பயம் தேவையில்லை. ரேகையின் படத்தை அது வைப்பதில்லை, அதிலிருந்து எடுத்த அடையாளக் குறிப்பை அந்த மெஷினுக்குள்ளேயே வைக்கிறது, வெளியே அனுப்புவதில்லை. என் விரல் வெளியே போய்விடுமோ என்று காவல் காத்தேன், இன்னொருவன் விரல் உள்ளே வந்துவிட்டது.

சென்சாரே ஏமாறாதா என்றால், அதுவும் நடந்திருக்கிறது. 2023இல் பிளாக்விங் இன்டெலிஜென்ஸ் என்ற ஆய்வுக் குழு, மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டதன் பேரில், டெல் இன்ஸ்பிரான் 15, லெனோவா திங்க்பேட் டி14, மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் புரோ எக்ஸ் என்று மூன்று மெஷினில் ரேகைப் பூட்டைத் தாண்டிக் காட்டியது. டெல் மெஷினில் செய்ததைப் படித்தபோது சிரிப்பு வந்தது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் வழியாக உள்ளே போய், உரிமையாளரின் ரேகைக்கு இருந்த அடையாள எண்ணிலேயே தங்கள் விரலைப் பதிந்து, நடுவில் ஒரு கருவியை மாட்டி, சென்சார் அந்தப் பதிவைப் பார்க்கும்படி திருப்பிவிட்டார்கள். அவர்கள் அத்தனை பாடுபட்டுச் செய்ததற்கு நம் பையனுக்கு ஒரு ஜாப் கார்டு போதுமாக இருந்தது.

பணம் எதுவும் போகவில்லை. போலீஸுக்கும் போகவில்லை, இன்னது போயிற்று என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. பதினோரு பார்ட்டிக்கும் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, பாஸ்வேர்டு மாற்ற வைக்க நான்கு நாள் ஆனது. அதில் ஒருவர் கணக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சர்வீஸிலிருந்து லேப்டாப் திரும்பி வந்தால் பின் நம்பரை மட்டும் மாற்றிவிட்டு உட்காராதீர்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் சைன்-இன் ஆப்ஷன்ஸ், அங்கே ஃபிங்கர்பிரின்ட்டைத் திறந்து ‘நீக்கு’ கொடுத்துவிட்டு, உங்கள் விரலைப் புதிதாகச் சேருங்கள். கொடுக்கும்போது பின் நம்பர் கேட்டால், அட்மின் உரிமை இல்லாத ஒரு தனிக் கணக்கைத் திறந்து அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். கீபோர்டு வேலை செய்கிறதா, ஸ்பீக்கர் கத்துகிறதா என்று பார்க்க அது தாராளம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் ரேகை, பின் இரண்டுமே காவல் இல்லை. அதற்கு டிஸ்க்கில் இருப்பதையே பூட்டி வைக்கும் டிரைவ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கடைக்குப் போவதற்கு முன்பே தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு மாற்றினால் அதைக் கேட்டுத்தான் திறக்கும்.

போன் போட்ட பார்ட்டிகளில் காஜா பட்டன் அண்ணனும் அதே கடையில்தான் லேப்டாப் கொடுத்திருக்கிறார். “அப்ப என்னோடதுலயும் அந்தப் பையன் விரல் இருக்குமா கண்ணு?” என்று பதறினார். எல்லா ரேகையையும் நீக்கிவிடலாம் அண்ணா, அப்புறம் உங்கள் விரலைச் சேர்க்கப் பின் நம்பர் கேட்கும், ஞாபகம் இருக்கிறதல்லவா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“பின் நம்பரா? அதை அந்தப் பையன்தானே வெச்சுக் குடுத்தான்.”