காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு பழைய பத்திரிகைக் கடை

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் பழைய புத்தகம் விற்பவர்கள் பலர் உண்டு. ஆனால் அரசியல் வார இதழ்களை ஆண்டுவாரியாகக் கட்டுக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் ஆண்டெழுதிய அட்டையைச் செருகி வைத்திருக்கும் இந்த நடைபாதைக் கடையைப் போல வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஓர் இதழ் 30 ரூபாய், பேரம் கிடையாது. நின்று புரட்டுபவரைக் கடைக்காரர் விரட்டுவதில்லை. “சார், எடுத்த கட்டுலயே வெச்சிடுங்க” என்பது மட்டுமே அவர் கேட்பது.

அந்த ஒழுங்கின் அருமை, தலைவர்களின் மணவாழ்க்கை மீறல்களைப் பற்றிக் கட்சிக்காரர்கள் பேசியதை வரிசையாகப் படிக்கும்போது புரிகிறது. 1998 கட்டில் பக்கத்துக்குப் பக்கம், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அமெரிக்க அதிபர் கிளிண்டனுக்கும் வெள்ளை மாளிகையில் பயிற்சிக்கு வந்த மோனிகா லெவின்ஸ்கிக்கும் இருந்த உறவு பற்றிய விவகாரம்தான். டிசம்பர் 19 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை கிளிண்டன்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. சபாநாயகராக வரவிருந்த குடியரசுக் கட்சியின் பாப் லிவிங்ஸ்டன், மணவாழ்வுக்கு வெளியே தமக்கிருந்த உறவுகள் வெளிவந்ததால் அதே நாளில் விலகுவதாக அறிவித்தார். கிளிண்டனை எதிர்ப்பதில் முன்னின்ற அதே கட்சியின் அப்போதைய சபாநாயகர் நியூட் கிங்ரிச், அதே காலத்தில் தாமும் மனைவி இருக்க வேறொரு பெண்ணுடன் உறவில் இருந்ததை 2007-இல்தான் ஒப்புக்கொண்டார். சொந்த வாழ்வில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடக்க முடியும் என்று 2011-இல் ஒரு கருத்துக்கணிப்பில் சொன்ன, பெரும்பாலும் குடியரசுக் கட்சியை ஆதரிக்கும் அமெரிக்க வெள்ளையின எவாஞ்சலிக்கல் (நற்செய்தி இயக்க) கிறித்தவர்கள் 30 சதவீதம். டிரம்ப் அக்கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற 2016-இல் அதே கேள்விக்கு அப்படிச் சொன்னவர்கள் 72 சதவீதம். ஐந்தாண்டில் வேதம் மாறவில்லை, வேட்பாளர்தான் மாறினார்.

எதிர்த் தரப்பையும் இந்தக் கட்டுகள் விட்டுவைக்கவில்லை. உறவு தொடங்கியபோது 22 வயதே ஆன, தம் அலுவலகத்திலேயே பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் ஓர் அதிபர் நடந்துகொண்டதை, ஜனநாயகக் கட்சியினர் பலர் அன்று சொந்த விஷயம் என்று தள்ளினார்கள். கிளிண்டன் அப்போதே விலகியிருக்க வேண்டும் என்று அக்கட்சியின் செனட்டர் கிறிஸ்டன் ஜில்லிபிராண்ட் சொன்னது 2017 நவம்பரில். கிளிண்டன் குடும்பத்தால் கட்சிக்கு ஆக வேண்டியது ஒன்றும் மிச்சமில்லாத காலம் அது.

பிரெஞ்சு இதழ்கள் கிடைப்பது இந்த ஊருக்கே உரிய வாய்ப்பு. பிரெஞ்சு அதிபர் மித்தெரானுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகளின் படத்தை 1994 நவம்பரில் பாரி மாட்ச் வார இதழ் வெளியிட்டபோது, அந்தரங்கத்தில் தலையிடலாமா என்ற கண்டனமே அங்கு பலமாக எழுந்தது. ஆனால் அந்த மகளுக்கும் அவர் தாய்க்கும் அரசுக் குடியிருப்பும் அரசுக் காவலும் தரப்பட்டிருந்தன. என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: பதவியோ பொதுப்பணமோ அந்த உறவுக்குப் பயன்பட்டதா? அதை எல்லாக் கட்சிக்காரரிடமும் கேட்க வேண்டும்.

குறைகளும் உண்டு. தொண்ணூறுகளின் இதழ்கள் பலவற்றை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. வாங்குமுன் நடுப்பக்கங்களைப் பிரித்துப் பாருங்கள். மழை வந்தால் மூடத் தார்ப்பாய் போதவில்லை. பெரிய குறை, தமிழ் வார இதழ்கள் அறவே இல்லாதது. வேட்டியின் கரையைப் பார்த்து ஒருவருக்கு ‘அவர் சொந்த விஷயம்’ என்றும் இன்னொருவருக்கு ‘ஒழுக்கங்கெட்டவர்’ என்றும் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. நம் இதழ்களையும் இப்படி ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன். கடைக்குப் போகிறவர்கள் நீங்களும் கேளுங்கள்.