அமெரிக்கக் கண்காணிப்பு: புஷ் சட்டமா, ஒபாமா சட்டமா, எது மேல்?

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு 45 நாட்களில், அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அரசின் கண்காணிப்பு அதிகாரத்தை விரிவாக்கிய பேட்ரியாட் சட்டத்தில் கையெழுத்திட்டார். செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர் ரஸ் ஃபைன்கோல்ட் ஒருவர்தான். அன்றைய பயத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல்!

அதன் 215ஆம் பிரிவுதான் வம்பு. 2020இல் அது காலாவதியாகும்வரை, நூலகத்தில் ஒருவர் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பதுவரை அரசு கேட்க முடிந்தது. கேட்டதை நூலகர் வெளியே சொல்லக்கூடாது என்ற தடையும் இருந்தது. இதே பிரிவைக் காட்டித்தான் கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் அழைப்பு விவரங்கள் அள்ளப்பட்டன: யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம். 2013இல், அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடென் கசியவிட்ட ஆவணங்கள் வெளிவந்தபோது குட்டு உடைந்தது.

ஒபாமா 2015 ஜூன் 2 அன்று கையெழுத்திட்ட ஃப்ரீடம் சட்டத்தின்படி அந்த விவரங்கள் தொலைபேசி நிறுவனங்களிடமே இருந்தன. அரசுக்கு வேண்டுமென்றால் குறிப்பிட்ட எண்ணையோ கணக்கையோ சொல்லி நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியிருந்தது.

சரி, பாதுகாப்பு குறைந்துவிடாதா? மொத்தமாக அள்ளியதால் எந்தப் பயங்கரவாத விசாரணையின் முடிவும் மாறியதாக ஓர் உதாரணம்கூடக் கிடைக்கவில்லை என்று அரசின் தனியுரிமைக் கண்காணிப்பு வாரியமே 2014இல் அறிக்கை தந்தது. என்னைப் பொறுத்தவரை இதுவே போதும், இரண்டாவது சட்டம்தான் மேல்.

அதற்காக ஒபாமாவை முழுதாகப் பாராட்ட மனம் வரவில்லை. 2011இல் அதே 215ஆம் பிரிவை நான்கு ஆண்டுகளுக்கு நீட்டித்தவரும் அவர்தான். வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம் என்ற வேறொரு சட்டத்தில், வெளிநாட்டவரைக் குறிவைக்கும் 702ஆம் பிரிவில் அமெரிக்கர்களின் மின்னஞ்சல்களும் சிக்கின. அதையும் அவர் பெரிதாகக் கட்டுப்படுத்தவில்லை.